என் ராணியை வீழ்த்திய சிப்பாய்

கல்லூரியில் செஸ் சாம்பியனாக இருந்தவன் என்ற திமிர் எனக்கு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் என் மனைவியோடு கம்ப்யூட்டரில் செஸ் ஆடினேன். அந்த கேமில் காயை வெட்டப் போனால் இரண்டு காய்களையும் நாங்கள் கீபோர்டைத் தட்டிச் சண்டை போட வைக்க வேண்டும். ஜெயிக்கிற காய்தான் கட்டத்தில் நிற்கும். அவளுடைய சிப்பாய் என் ராணியை அடித்தே சாய்த்துவிட்டது.

எனக்கு ரத்தம் கொதித்தது. "இன்னாடி, ஏமாத்துறியா?" என்று கத்திக் கீபோர்டைப் பிடுங்கி வீசினேன்.

அவள் முகம் சிவந்தது. "நான் ஜாஸ்தி ஜோடி தைச்சா கம்பெனில சூப்பர்வைசர் இதையேதான் கேக்குறான். நேத்து நான் சொன்னப்ப அவனைத் திட்டினியே, இப்ப நீ மட்டும் இன்னா கேட்ட?"

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன், "சரி" என்றாள். ஆனால் அதன்பின் என்னோடு விளையாட உட்காரவே இல்லை. தோற்றது மறந்துவிட்டது. என் மேல் எனக்கு வந்த கோபம்தான் இன்னும் தணியவில்லை.