இரண்டு மீனாட்சிகளும் ஒரு கப்பல் டிக்கெட்டும்

2006 டிசம்பரில் கொச்சியிலிருந்து மாலத்தீவுக்குக் கப்பலில் போய் வந்தோம். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எங்கள் மகன் எனக்கும் அவன் அப்பாவுக்கும் என் மாமியாருக்கும் டிக்கெட் போட்டிருந்தான். மூன்று இரவு, நாலு பகல். கடலை எங்கள் ஊர்ச் சங்குமுகம் கரையில் நின்று பார்த்ததோடு சரி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாஸ்போர்ட் வந்ததும் அதைக் காட்ட, ஸ்ரீவராகத்திலிருந்து ஆட்டோவுக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்துத் தம்பானூரில் டிக்கெட் போட்ட ஏஜென்சிக்குப் போனேன். அங்கேதான் வினை. கவுண்டரில் இருந்த மலையாளப் பெண் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"சேச்சி, டிக்கெட்டில கோமதி. பாஸ்போர்ட்டில மீனாட்சி. இதில சேச்சி ஆரா?"

இதில் நான் யார்? நல்ல கேள்விதான். என் அப்பா வைத்த பெயர் மீனாட்சி. 1979இல் கல்யாணமாகி வந்தால், மாமியார் பெயரும் மீனாட்சி! மாமியார் பெயரைச் சொல்லி மருமகளை வேலை ஏவ முடியுமா, வையத்தான் முடியுமா? புதுப்பெண்ணாக வீட்டுக்குள் கால் வைத்த அன்றே என்னைக் கோமதி ஆக்கிவிட்டார்கள். திட்டுவதற்குத் தோதாக ஒரு பெயர், அவ்வளவுதான். ரேஷன் கார்டிலும் கோமதி. மகன் அதைப் பார்த்து டிக்கெட் போட்டுவிட்டான். பாஸ்போர்ட்டோ என் பள்ளிச் சான்றிதழ்ப்படி வந்திருந்தது.

பெயர் ஒத்துப்போகாவிட்டால் கப்பலில் ஏற்றவே மாட்டார்களாம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸில் சான்றிதழ் வாங்கி வந்தால் டிக்கெட்டை மாற்றித் தரலாம் என்றாள். கப்பலுக்கு நாலு நாள்தான் இருந்தது.

வில்லேஜ் ஆபீஸரோ, பெயர் ஏன் மாறியது என்று வீட்டுப் பெரியவர் யாராவது நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றார். மாமியாரை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் இதை எப்படிச் சொல்வது? அவர் முகம் கோணினால் பயணம் போச்சு. தயங்கித் தயங்கிச் சொன்னேன். அம்மா புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினார். ஆபீஸரிடம் தமிழிலேயே சொன்னார்.

"இவ பேர் மீனாட்சிதான். எங்க சௌகரியத்துக்கு நாங்க மாத்தினோம். இவளைக் கேக்கலை."

மறுநாளே சான்றிதழ் கைக்கு வந்தது, டிக்கெட்டும் மாறியது.

தம்பானூரில் காலை ரயில் பிடித்து ஐந்து மணி நேரத்தில் எர்ணாகுளம். அங்கிருந்து டாக்சியில் துறைமுகம். பாஸ்போர்ட்டுகளை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு முதலிலேயே கப்பலேறும் அட்டை கிடைத்துவிட்டது. மறுபடியும் மீனாட்சி என்று கூப்பிட்டார்கள். நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். அம்மா என் முழங்கையைத் தொட்டார்.

"உன்னைத்தான் கூப்பிடறா. எழுந்திரு, மீனாட்சி."

அவர் வாயால் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன்.

கப்பலேறப் போகிறவர்களே, திரும்பி வந்த பிறகும் ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டாக இருக்கட்டும். ரேஷன் கார்டைப் பார்த்து டிக்கெட் போடாதீர்கள். வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் என்றிருக்கும் மருமகள்கள் அந்தச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கவுண்டரில் உங்கள் பெயரைக் கூப்பிட்டால் உடனே எழுந்துவிடுங்கள். எனக்கு இருபத்தேழு வருஷம் ஆயிற்று.