பெயருக்குப் பின் ஒரு மூச்சு

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம்.

உங்களில் பலருக்கு அண்ணனை முகத்தைவிடக் குரலால்தான் அதிகம் தெரியும். திருமங்கலத்திலும் சுற்றுப்பட்டிகளிலும் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் மைக் செட் கட்டியவர் அவர். யாராவது இறந்துவிட்டால் ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கேதம் சொல்லி, சாவுச் செய்தியை அறிவித்துப் போனவரும் அவரே.

அந்தக் குரலைத்தான் ஒரு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். எத்தனையோ பேர் செல்போனில் இருந்த வீடியோக்களை அனுப்பினார்கள். அவர் மைக் செட்டில் ஓடிய பாட்டெல்லாம் இருக்கிறது, அவர் பேச்சு மட்டும் இல்லை. கடைசியாக ஒரு காதுகுத்து வீடியோவில் கிடைத்தது. தாய்மாமன் மடியில் பிள்ளை வீறிட்டு அழுகிறது. எங்கோ பின்னாலிருந்து, "யாருப்பா அது, ஒயர மிதிக்காதீங்க" என்கிறார் அண்ணன். அவ்வளவுதான். அண்ணி அதைத் தினமும் காலையில் ஒரு தடவை போட்டுக் கேட்கிறார். சிரிக்கிறார், பிறகு அழுகிறார்.

அண்ணன் பிறந்தது டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில். எங்களுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தார்கள். அப்பாவுக்கு அதற்கு மேல் இன்னொரு வேலையும் இருந்தது. மேலத்தெருவில் யாராவது இறந்தால் ஊர் ஊராக நடந்து போய் அவர்களுடைய சொந்தக்காரர்களுக்குக் கேதம் சொல்ல வேண்டும். அவர் விரும்பி எடுத்துக்கொண்ட வேலை அல்ல அது. எங்கள் தெருவில் பிறந்தவர்கள் தலையில் ஊர் கட்டிவிட்ட வேலை. எந்த வீட்டிலும் வாசலுக்கு வெளியே நின்றுதான் சொல்வார். தண்ணீர் கேட்டால் கையைக் குவித்துத்தான் குடிக்க வேண்டும். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அண்ணனுக்குக் கோபமே வராது என்பார்கள். வரும், வெளியே காட்ட மாட்டார்.

அப்பா இறந்தபோது எங்களுக்காகக் கேதம் சொல்லிப் போக ஆள் கிடைக்கவில்லை. ஒத்தக்கடைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த அத்தைக்குத் தகவல் தாமதமாகப் போய், அவர் பஸ் பிடித்து வந்து இறங்கும்போது அப்பாவை அடக்கம் செய்து முடித்திருந்தோம். "எங்கண்ணன் மொகத்தக்கூட எனக்குக் காட்டாமப் பண்ணிட்டீகளேடா" என்று அத்தை அண்ணனின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். ஊருக்கெல்லாம் கேதம் சொன்ன மனிதருக்குச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போனது அண்ணன் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. பல வருடம் கழித்துத்தான் அதை என்னிடம் சொன்னார்.

பள்ளிப்படிப்பை நிறுத்திவிட்டுத் திருமங்கலத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கழித்துப்போட்ட ஆம்ப்ளிஃபையர் ஒன்றைச் சரிசெய்து, குழாய்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சொந்தமாக ஒரு செட் போட்டார். எங்கள் ஊர்ப் பொங்கலுக்குக் கட்டும் குழாய்கள் எல்லாம் மேலத்தெருவைப் பார்த்தே இருக்கும், எங்கள் பக்கம் அவற்றின் முதுகுதான் தெரியும். அண்ணன் தன் செட்டை முதன்முதலில் கட்டியது எங்கள் வீட்டில், நான் வயதுக்கு வந்த சடங்குக்கு. வேப்பமரத்தின் உச்சியில் நாலு திசைக்கும் குழாய். நான் வெட்கத்தில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன்.

"இப்பிடியாண்ணே ஊருக்கெல்லாம் தண்டோராப் போடுவீக?" என்று கேட்டேன்.

"கேக்கட்டும் பாப்பா. இம்புட்டு நாள் அவுக பாட்ட நாம கேட்டோம்ல" என்றார்.

திருமணத்துக்குப் பிறகு அண்ணியோடு திருமங்கலத்திலேயே குடியிருந்தார். ஆட்டோ வாங்கினார். கேதம் சொல்ல யார் கூப்பிட்டாலும் போனார். பெரிய வீடு, சின்ன வீடு என்று பார்த்ததில்லை. எல்லோருக்கும் அதே குரல், பெயருக்குப் பின்னால் அதே 'அவர்கள்'. இறந்தவரின் பெயரைச் சொன்னதும் சற்று நிறுத்துவார். பிறகுதான் இறுதி ஊர்வலம் எத்தனை மணிக்கு என்ற விவரம் எல்லாம் வரும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"பேரச் சொன்ன கையோட அடுத்த வார்த்தைக்கு ஓடிரக் கூடாது. ஒரு மூச்சு விடணும். கேக்குற சனம் 'ஐயோ'ன்னு சொல்ல எடம் வேணும்ல."

அண்ணனுக்குத் தொழிலில் ஒரே ஒரு போட்டி. ஊரின் மறுகோடியில் மைக் செட் வைத்திருக்கும் ஆரோக்கியம் அவர்கள். சர்ச் திருவிழாக்கள் அவருக்கு, கோயில் திருவிழாக்கள் அண்ணனுக்கு என்று எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது. ஓர் இடைத்தேர்தல் சமயம் அது உடைந்தது. ஒரே முக்கில் இரண்டு கட்சிகளுக்குக் கூட்டம். அந்தப் பக்கம் அவருடைய குழாய்கள், இந்தப் பக்கம் அண்ணனுடையவை. இவர் ஒரு திருகு ஏற்ற, அவர் இரண்டு திருகு ஏற்ற, தலைவர்கள் பேசியது ஒரு சொல்லும் யாருக்கும் விளங்கவில்லை. கடைசியில் போலீஸ்காரர் வந்து இரண்டு பேர் ஒயரையும் பிடுங்கினார். அன்றோடு பேச்சுவார்த்தை முறிந்தது. "எம் மாதிரியே பேசுறாரு அந்தாளு. மைக்கத் தட்டுறதுகூட எம் மாதிரி" என்று அண்ணன் புலம்புவார். "அப்பிடின்னா அவருக்கு உங்களப் புடிச்சிருக்கு" என்று அண்ணி சீண்டுவார். அண்ணனுக்கு முகம் கடுகடுத்துவிடும்.

இந்தப் பக்கத்தில் நடந்த நல்லது கெட்டது எல்லாம் அவர் குழாய் வழியாகத்தான் போனது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக்கரையில் ஒரு நீர்மோர்ப் பந்தலில் அவர் செட்தான். பாட்டுப் போடுவதைவிடத் தொலைந்த பிள்ளைகளை அறிவிப்பதுதான் அங்கே பெரிய வேலை. "மஞ்சச் சட்டை போட்ட தம்பி நம்ம பந்தல்ல மோர் குடிச்சிக்கிட்டு இருக்காரு, பெத்தவுக பதறாம வாங்க" என்று சிரிப்பு கலந்து சொல்வார். ஜல்லிக்கட்டுக்காக மாணவர்கள் மதுரையில் உட்கார்ந்து போராடிய நாட்களில் செட்டை ஏற்றிக்கொண்டு போய் அவர்களோடு தங்கிவிட்டார். தொண்டை கட்டித்தான் வீடு திரும்பினார்.

கொரோனா வந்தபோதுதான் அவர் உடைந்து போனதைப் பார்த்தேன். ஆற்றில் கூட்டமில்லாத சித்திரை அது. அழகர் இறங்க வேண்டிய நேரத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து, "இந்நேரம் எத்தன புள்ளைக தொலஞ்சிருக்கும்" என்று ஏங்கினார். அந்த நாட்களில் கேதம் சொல்லும்போது, யாரும் நேரில் வர வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. "வாங்க வாங்கன்னு கூப்புட்டே பழகுன வாயி. வராதீங்கன்னு சொல்ல வைக்கிறாய்ங்களே பாப்பா" என்று போனில் அழுதார். மொகத்தைக் காட்டலையே என்று அழுத அத்தை அப்போது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

போன வருடம் ஒரு வீட்டுக் காதுகுத்துக்குக் குழாய் கட்டி இறங்கியவர், நெஞ்சு கனக்கிறது என்று உட்கார்ந்தார். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். "நல்லாத்தான் இருக்கேன். நீ எதுக்கு ஒத்தக்கடைலருந்து பஸ்ஸேறி வாரே" என்று, அத்தை ஊரிலேயே வாழ்க்கைப்பட்டிருக்கும் என்னை அதட்டியதுதான் நான் கேட்ட கடைசிப் பேச்சு. இரண்டு நாள் போராடி, விடியற்காலையில் எங்களை விட்டுப் போனார்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியதும் அண்ணி கேட்ட முதல் கேள்வி, "கேதம் யாரு சொல்றது?" என்பது. எல்லோருக்கும் போனில் சொல்லியாகிவிட்டது, வாட்ஸப்பில் படமும் போட்டாகிவிட்டது என்று உறவுக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். அண்ணி கேட்கவில்லை. "ஊருக்கெல்லாம் சொன்ன மனுசன். அவருக்குச் சொல்ல ஒரு ஆளு இல்லையா?" என்றார். அப்பாவுக்கு நடந்தது அண்ணனுக்கும் நடக்கிறதே என்று வாசலில் நின்ற அவருடைய ஆட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய் கட்டியபடியே நின்றது.

அப்போது ஆரோக்கியம் வந்தார். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு வந்து அண்ணனின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு அண்ணியிடம் கையை நீட்டினார்.

"தங்கச்சி, ஆட்டோ சாவியக் குடும்மா. எங் குழாய் வேணாம். அவரு குழாய்லயே சொல்றேன்."

ஆட்டோ கிளம்பித் தெருமுனை திரும்பியது. மைக்கை இரண்டு தட்டுத் தட்டும் சத்தம் கேட்டது, அண்ணன் தட்டுவது போலவே. பிறகு அண்ணனின் பெயர். அதன்பின் நிறுத்தினார். ஒரு மூச்சு விட்டார். அந்த இடத்தில் எதிர்வீட்டிலிருந்து, பக்கத்துச் சந்திலிருந்து, டீக்கடையிலிருந்து 'ஐயோ' என்று கேட்டது. நானும் சொன்னேன். அதுவரை எனக்கு அழுகை வந்திருக்கவில்லை.

திருமங்கலத்தோடு அவர் நிற்கவில்லை. எங்கள் கிராமம்வரை போய் எல்லாத் தெருவிலும் சொன்னார். அப்பா வெளியே நின்ற வீடுகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து தெருவில் நின்று கேட்டதாக, ஊரிலிருந்து மாலை கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள். ஒத்தக்கடை அத்தை இந்தத் தடவை நேரத்துக்கு வந்துவிட்டார். தள்ளாத வயதில் அண்ணன் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

காரியம் முடிந்து ஒரு நாள் ஆரோக்கியத்திடம் கேட்டேன். "எப்படிண்ணே, அதே மாதிரி நிறுத்துனீங்க?"

"அவரு கேதம் சொல்லிக்கிட்டுப் போறப்பல்லாம் வேலைய விட்டுட்டு வாசல்ல நின்னு கேப்பேம்மா. அந்த எடத்துல நானும் எத்தன தடவ ஐயோன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், துக்கத்தில் அடுப்பெரியாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், அன்று கடையடைத்துவிட்டு வந்த மைக் செட் தொழிலாளர்களுக்கும், இன்று பந்தலுக்குக் குழாய் கட்டித் தந்திருக்கும் ஆரோக்கியம் அவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நன்றி என்ற சொல் பற்றாது என்று தெரியும். ஒயரை மிதிக்காமல் பார்த்து வாருங்கள்.

இந்தக் கட்டுரையில் அண்ணனின் பெயரை நான் எழுதவில்லை. அட்டையில் அச்சடித்திருக்கிறோம். வாய்விட்டுப் படிப்பவர்கள் படித்ததும் ஒரு மூச்சு விடுங்கள். அந்த இடம் எனக்கு வேண்டும்.