செல்வமேரி சொல்லாத கூடு

செல்வமேரி அக்காவுக்கு மனிதர்களைப் பிடிக்காது. அதை மறைக்கவும் மாட்டார். தாம்பரத்தில் மருந்துக்கடை வேலை. வாரம் முழுக்க மனித முகங்களைப் பார்த்துச் சலித்துவிட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் பைனாகுலரை மாட்டிக்கொண்டு நன்மங்கலம் காட்டுக்குக் கிளம்பிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் ஒருமுறை நானும் ஒட்டிக்கொண்டு போனேன். நுணா மரம் பூத்துக் கிடந்தது, பூவெல்லாம் வண்ணத்துப்பூச்சி. "எவ்ளோ அழகு" என்றேன். "பேசணும்னா வூட்ல போய்ப் பேசு" என்றார். அதோடு நான் போவதை விட்டேன்.

இந்தக் கடுப்புக்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன், பாறை இடுக்கில் ஆந்தை குஞ்சு பொரித்திருப்பதை ஒரே ஒருவரிடம் சொன்னார். அடுத்த ஞாயிறு பாறையைச் சுற்றி ஒரே கேமராக் கூட்டம். ஆந்தை போனது போனதுதான். அதன் பிறகு எந்தக் கூட்டைப் பற்றியும் அவர் வாயைத் திறப்பதில்லை.

காட்டு வேலியை ஒட்டி எங்கள் கோயிலின் கல்லறைத் தோட்டம். அங்கே மூன்று பனைகள். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள், பவனிக்குக் குருத்து வெட்ட, வழக்கம்போல கோயில் இளைஞர் குழு ஆல்வின் மரமேறியைக் கூட்டிவந்தான். எனக்கு ஓலை பின்னும் வேலை. அக்கா நடுப்பனைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இந்த மரத்தைத் தொடாத."

"ஏன்க்கா, இன்னா கீது இதுல?"

"உனக்கு விளக்கம் வேற சொல்லணுமா? வேற மரம் இல்ல?"

"காரணத்தைச் சொல்லுங்க, போறோம்."

"உன்ன மாதிரி ஆளுங்களுக்கு எதுவும் சொல்றதில்ல."

ஆல்வினுக்கு மூக்குக்கு மேல் கோபம். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. "கோயில் மரம், உங்க அப்பா நட்டது இல்ல" என்றவன், மரமேறியைப் பார்த்து, "இதுலயே ஏறுண்ணா" என்றான்.

காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பார்கள். பனை ஏறுகிறவர் தொங்கும் காய்ந்த ஓலைகளைக் கழித்துவிட்டுத்தான் குருத்துக்குப் போவார். அது அக்காவுக்கும் தெரியும். கத்தி ஓங்கிய பிறகுதான் "கூடு இருக்குடா" என்று அலறினார். அதற்குள் ஓலைகள் சரிந்துவிட்டன.

ஒரு ஓலையின் உட்பக்கம், எச்சிலால் ஒட்டிய சின்னக் கிண்ணம் மாதிரி உழவாரன் குருவியின் கூடு. இறகு முளைக்காத குஞ்சு ஒன்று பக்கத்தில் கிடந்தது. அசைவில்லை.

ஆல்வின் குத்துக்காலிட்டுப் பார்த்தான். குரல் இறங்கியிருந்தது. "சொல்லியிருந்தா பக்கத்து மரத்துல ஏறியிருப்போமே."

"சொன்னா ஊரையே கூட்டினு வருவீங்க."

"நான் எப்பக்கா கூட்டினு வந்தேன்? ஒரு நாளாவது என்கிட்ட சொல்லிப் பாத்தீங்களா?"

அக்கா அண்ணாந்து பார்த்தார். மேலே இரண்டு உழவாரன்கள், ஓலை தொங்கிய இடத்துக்குப் பாய்ந்து வந்து, தொற்றிக்கொள்ள எதுவும் இல்லாமல் விலகி, மறுபடி வந்தன. எனக்கு இரண்டு பேரையும் சேர்த்து அறையவேண்டும் போல இருந்தது.

மறுநாள் பவனியில் ஆல்வின் எனக்கு ஒரு குருத்தோலையை நீட்டினான். வேண்டாம் என்றேன். கோயில் வாசலில் அக்கா நின்றிருந்தார், வெறுங்கையோடு. அவரிடமும் நான் பேசவில்லை.