வாழையிலைப் பொட்டலம்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எத்தனையோ ஊர் சுற்றிவிட்டேன். கிழவனைப் போல இருமுகிற நாயை எங்கள் வீட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த எட்டாவது படிக்கும்போது ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். இருமல் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளும், நாயை விரட்டுங்கள், இல்லாவிட்டால் காலி செய்யுங்கள் என்றார் வீட்டுக்காரர். அப்பா சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்குபவர். வேறு வீடு பார்க்க வழியில்லை. மாட்டாஸ்பத்திரியில் கைவிரித்தால் நாயைக் கொள்ளிடத்துக்கு அக்கரையில் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

திருச்சி மாட்டாஸ்பத்திரியில் டாக்டரம்மா நாயின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"நத்தை திங்குமா?"

வாழைத்தோப்பில் பொறுக்கி, ஓட்டை உடைத்து ஊட்டியே விட்டது நான்தான். விட்டத்தைப் பார்த்தேன்.

"நத்தையிலேர்ந்து நுரையீரலுக்குப் புழு போயிருக்கலாம். புழுன்னா மருந்து இருக்கு. மூணு நாளைக்கு அது வெளிக்குப் போறத புதுசா கொண்டு வாங்க. ஒருநாள் தெரியும், ஒருநாள் தெரியாது."

அம்மா டப்பா தர மறுத்துவிட்டாள். அப்பா வாழையிலையில் மடித்து நாரால் கட்டினார். பஸ்ஸில் அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கோயில் பிரசாதமுங்களா? ஒரு வாய் குடுங்களேன்."

"இல்லைங்க. இது ஆஸ்பத்திரிக்கு."

"சீக்காளிக்கா? அவ்வளவும் திம்பாங்களா?"

"டாக்டருக்குங்க."

"அதானே. பெரிய எடத்துக்குத்தான் பெருமாளும் போறாரு" என்று அந்த அம்மாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு நாளும் புழு இல்லை. மூன்றாம் நாள் போகும்போது புழு இருக்க வேண்டும் என்று சாமி கும்பிட்டேன். டாக்டரம்மா பொட்டலத்தில் இருந்ததை வலைத்துணியில் முடிந்து, வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய புனலில் தொங்கவிட்டார். சாயங்காலம் வரை காத்திருந்தோம். அடியில் இறங்கிய சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார். நூல் நூலாக நெளிந்தன. நான் கைதட்டினேன். அப்பா இருமினார்.

"நீங்க எத்தனை நாளா இருமுறீங்க?"

"அது கெடக்குங்க. நாய்க்குச் சொல்லுங்க."

சோற்றில் பிசைந்த மருந்தில் நாய் தேறிவிட்டது. வீட்டுக்காரரும் அடங்கினார்.

பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது கொல்லையில் இருமல் கேட்டது. நோட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். நாய் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. அப்பா துவைகல்லில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார்.

அப்பாதானா என்று நிம்மதியாகத் திரும்பி வந்து கணக்கை முடித்தேன்.