முற்றிலும் பாதிக்கப்பட்டவர்கள்

என் ஆராய்ச்சியின் தலைப்பு அரைப் பக்கம் நீளும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் நெறியாளரே நடுவில் ஒரு முறை மூச்சு வாங்குவார். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான்: கிருத்திகை தோறும் குன்றத்தூர் முருகன் மலைக்கு வெளியூர்க் கூட்டம் வருகிறதே, அதனால் அடிவாரத்தில் பிழைப்பவர்களின் வாழ்க்கை என்ன ஆகிறது? இவ்வளவு சுருக்கமாகச் சொன்னால் முனைவர் பட்டம் தரமாட்டார்கள். ஆகவே தலைப்பு நீண்டது.

எங்கள் குடும்பத்தில் படிப்பு வாசனை கண்ட முதல் ஆள் நான். இதை நான் அடக்கமாகச் சொல்லிக்கொள்வதில்லை. இரும்புலியூரில் எங்கள் தெருவில் யாருக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் எடுத்து வருவார்கள். இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் வெளியே வருவேன். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மற்ற நாள்களில் தாம்பரத்திலிருந்து படப்பை வரை, கிருத்திகையன்று மட்டும் குன்றத்தூர். பல்கலைக்கழகத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் "போக்குவரத்துத் துறை" என்பேன். கேட்டவர்கள் மேற்கொண்டு கேட்டதில்லை. நானும் மேற்கொண்டு சொன்னதில்லை.

அந்த ஆண்டு இறுதிக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காவிட்டால் என் பதிவே காலாவதியாகிவிடும். அதற்கு நூற்றைம்பது பேர் நிரப்பிய வினாப் படிவம் வேண்டும். நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் ஏற்கிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். 'திருவிழாக்களால் என் சமூக உறவுகள் மேம்பட்டுள்ளன' என்பது ஒரு கேள்வி. அது எனக்கே புரிய ஒரு வாரம் ஆனது.

ஆடிக் கிருத்திகையன்று படிவக் கட்டோடு அடிவாரத்தில் போய் நின்றேன். யாருக்கும் கை ஒழியவில்லை. தேங்காய்க் கடைக்காரர் தட்டை நீட்டியபடியே, "குடுத்துட்டுப் போம்மா, அப்பால பாக்கறேன்" என்றார். மாலையில் திரும்பி வந்தபோது என் படிவங்கள் நன்றாகவே பயன்பட்டிருந்தன. ஒரு குழந்தை என் பதினேழாம் கேள்வியிலிருந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நிரப்பித் திரும்பி வந்தவை பதினொன்று.

அன்று வீட்டில் நான் சாப்பிடவில்லை. அப்பா ஆட்டோவைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"இன்னாம்மா, மூஞ்சி சுருங்கிகினு கீது?"

சொன்னேன்.

"இவ்ளோதானா? எத்தினி பேரு வேணும்?"

"இன்னும் நூத்தி முப்பத்தொம்பது."

"என்கிட்ட குடு. நம்ம ஸ்டேண்டு பசங்க, அடிவாரத்துல கடை வெச்சிருக்கறவங்க, அல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்கதான். ஒரு வாரம் டைம் குடு."

கொடுத்தேன். படிப்பறிவில்லாத மனிதரிடம் ஐந்து கட்ட அளவுகோலை ஒப்படைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பசியில் அந்தக் கணம் ஓடிவிட்டது.

சரியாக ஆறாம் நாள் ஒரு மஞ்சள் பை நிறையப் படிவங்களோடு வந்தார். நூற்று முப்பத்தொன்பது. ஒன்றுகூடக் குறையவில்லை. ஒவ்வொன்றிலும் ஆதார் அட்டையின் ஜெராக்ஸ் பின் அடிக்கப்பட்டிருந்தது. எல்லாம் ஒரே நீல மையில், ஒரே முத்தான கையெழுத்தில் இருந்தன.

"யாருப்பா எழுதினது?"

"அவுங்க சொன்னாங்க, ஒருத்தங்க எழுதினாங்க. நம்ம ஆளுங்களுக்கு எங்க எழுதத் தெரியும்?"

நியாயமான பதில். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்ற பயம்தான் என்று இப்போது எழுதலாம். அப்போது அதை நேர மேலாண்மை என்று நினைத்துக்கொண்டேன். ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் 'பயிற்சி பெற்ற களப்பணியாளர் ஒருவரின் உதவியுடன்' என்று எழுதினேன்.

கட்டங்களை மட்டும் கணினியில் ஏற்றினேன். முடிவு வந்தது. நெறியாளர் திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"எக்ஸலண்ட்! என்னம்மா இது, எல்லாரும் ஒரே மாதிரி கஷ்டப்பட்டிருக்காங்க! இவ்வளவு கன்சிஸ்டென்டா ஒரு சமூகம் கஷ்டப்பட்டு நான் பார்த்ததே இல்ல."

அடுத்த மாதம் கோவளம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் சுற்றுலாவின் தீமைகள் பற்றி மூன்று நாள் கருத்தரங்கு. அதில் இதைக் கட்டுரையாக வாசிக்க வேண்டும் என்றார். நீச்சல் குளம் இருக்கிறதாம், மாற்றுடை கொண்டு வரச் சொன்னார்.

கட்டுரைக்கு மேற்கோள் தேடித்தான் கடைசிக் கேள்விக்கு வந்தேன். 'வேறு கருத்துகள் இருப்பின் எழுதவும்' என்று கேட்டு இரண்டு வரி இடம் விட்டிருந்தேன். முதல் படிவத்தை எடுத்தேன். 'மேற்படி திருவிழாவால் நானும் என் குடும்பமும் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகியுள்ளோம். ஐயா அவர்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.' இரண்டாவதிலும் அதுவே. மூன்றாவதில் ஐயாவோடு அம்மாவும் சேர்ந்திருந்தார். தேங்காய்க் கடைக்காரருக்குத் திருவிழாவால் வருமானம் கூடவில்லையாம், முற்றிலும் மறுக்கிறார். கிருத்திகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பவர் அவர்.

எழுபத்து மூன்றாவது படிவம் என் அப்பாவுடையது. 'திருவிழா நாள்களில் எனக்கு மன உளைச்சல் ஏற்படுகிறது': முற்றிலும் ஏற்கிறேன். 'என் குடும்ப மகிழ்ச்சி குலைந்துள்ளது': முற்றிலும் ஏற்கிறேன். கிருத்திகையன்று அப்பா விடியும் முன்பே குளித்து, ஆட்டோவுக்கு மாலை போட்டு, விசிலடித்துக்கொண்டே கிளம்புவார். சிரிப்பு வந்தது. பிறகு, இந்த உளைச்சலும் என் சராசரிக்குள் இருக்கிறது என்பது உறைத்தது. சிரிப்பு நின்றது.

"யார்கிட்ட எழுதினப்பா?"

"தாலுகா ஆபீஸ் எதிர்ல குடை போட்டுகினு ஒக்காந்திருக்குமே, மனு எழுதற அக்கா. அது எழுதினா எந்த ஆபீசரும் தள்ள மாட்டான். உனுக்குன்னு சொன்னதால ராத்திரியெல்லாம் வூட்லயே எழுதிச்சு, பாவம்."

மறுநாள் போனேன். நாற்பது வயதிருக்கும். மடியில் அட்டை, காதில் பேனா. நான் யாரென்று சொன்னதும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"அந்த ஃபாரம் நீங்க போட்டதாம்மா? கேள்வியெல்லாம் நல்லாத்தான் இருந்திச்சு. ஆனா எந்த ஸ்கீமுன்னு போடவே இல்லியே?"

"ஸ்கீம் இல்லக்கா. ஆராய்ச்சி. ஏன் எல்லாருக்கும் பாதிப்புன்னே போட்டீங்க?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சந்தோசமா இருக்கறவன் எதுக்கும்மா மனு குடுக்கப் போறான்? அதுல 'ஓரளவு ஏற்கிறேன்'னு ஒரு கட்டம் வெச்சிருந்தீங்க பாருங்க. ஓரளவுன்னு எழுதினா ஆபீஸ்ல ஓரளவுகூட பாக்க மாட்டாங்க. அதான் ஓரத்துக்கே போயிட்டேன்."

"ஆதார் ஜெராக்ஸ்?"

"குடும்பத்துல எத்தினி பேரு, எத்தினி வருசமா கீறீங்கன்னெல்லாம் கேட்டுட்டு ஜெராக்ஸ் வாணாமா? நீங்க கேக்க மறந்துட்டீங்கன்னு நானே வெச்சேன்."

நெறியாளரிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"டேட்டா வந்தது வந்ததுதான். அதை டிஸ்டர்ப் பண்ணக் கூடாது. பதில் சொன்னவங்க ஒரு பக்கமா சாஞ்சுட்டாங்க, ரெஸ்பான்டென்ட் பயஸ்னு லிமிடேஷன்ல ஒரு வரி போட்டுக்கலாம்."

"சார், பயஸ் இல்ல சார். ஒரே அக்கா சார்."

"டைம் இருக்கா உங்களுக்கு?"

இல்லை. அதுதான் சிக்கல். ஆனால் எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. நான் முதலில் எழுதும் புத்தகத்தில் என் அப்பா துயரத்தில் வாடும் எழுபத்து மூன்றாம் ஆளாக இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அது நேர்மையா திமிரா என்று கேட்டால் திமிர் என்றே சொல்வேன். நூற்று முப்பத்தொன்பதையும் மஞ்சள் பையிலேயே திரும்பக் கட்டினேன். கருத்தரங்குக்கு நெறியாளர் மட்டும் போனார், மாற்றுடையோடு.

அடுத்த கிருத்திகையன்று படிவம் எடுத்துப் போகவில்லை. அப்பாவின் ஆட்டோ பின் சீட்டில் உட்கார்ந்து, ஓய்வாக வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். பூக்கட்டும் அம்மா ஒருவர் சொன்னது என் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

"கூட்டம் வந்தாதான் எனக்குப் பொழப்பு. வராட்டி பேஜாரு. ஆனா கூட்டம் வந்த அன்னிக்கி காலையிலேந்து ஒண்ணுக்குப் போவ எடம் இல்ல. தண்ணி குடிக்காம ஒக்காந்துகினு கீறேன். அதை இன்னான்னு எழுதுவ?"

ஐந்து கட்டங்களில் எதிலும் அதற்கு இடமில்லை. நாற்பது கேள்விகளில் ஒன்றுகூட அதைக் கேட்டிருக்கவில்லை. அன்று ஒன்பது பேரிடம்தான் பேச முடிந்தது. படிவமாக இருந்தால் ஒன்பது என்பது அவமானம். இதுவோ நோட்டில் அறுபது பக்கம் வந்தது.

ஆனால் ஆண்டு முடிந்துகொண்டிருந்தது. காலநீட்டிப்பு கேட்டு நல்ல ஆங்கிலத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். 'காரணம் போதுமானதாக இல்லை' என்று திரும்பி வந்தது. தரவுகளின் நம்பகத்தன்மை பற்றி இன்னும் இரண்டு பத்தி சேர்த்துக் கொடுத்தேன். அதுவும் திரும்பி வந்தது.

"நம்ம மனுவ தள்ளிட்டானா?" என்றார் அப்பா. "வா, அக்காகிட்ட போலாம்."

"நான் பிஎச்.டி. படிக்கிறேம்ப்பா. எனக்கு இன்னொருத்தர் லெட்டர் எழுதணுமா?"

"நீ எழுதித்தான் ரெண்டு தபா வந்துட்ச்சே."

இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் ஆட்டோவில் ஏறினேன். அக்கா குடையை என் பக்கம் சாய்த்தார். ஒரு புது வெள்ளைத் தாளை அட்டையில் செருகி, வரிசையாகக் கேட்டார். எந்த வருசம் சேர்ந்தீங்க, வூட்ல யாரு படிச்சிருக்காங்க, ஒரு நாளைக்கு எத்தினி பஸ் மாறிப் போறீங்க, எந்த மாசம் ஒடம்பு சரியில்லாமப் போச்சு. எனக்கே மறந்து போயிருந்த என் வாழ்க்கை பத்து நிமிடத்தில் அவர் கைக்கு வந்துவிட்டது. என் நாற்பது கேள்விகளை நினைத்துக்கொண்டேன்.

"அப்பாக்கு இன்னா வேலைன்னு போடட்டும்?"

பழக்க தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. "போக்குவரத்துத் துறை."

அக்காவின் பேனா நின்றது. ஆட்டோவின் முன் சீட்டிலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார்.

"இன்னா தொற? எந்தத் தொற? ஷேர் ஆட்டோன்னு எழுதுக்கா. அப்பதான் பாதிப்பு தெரியும்."

அப்படியே எழுதினார். என் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டி என்னைப் படிக்க வைக்கிறார் என்று பல்கலைக்கழகத்துக்கு முதல் முறையாக எழுத்தில் போனது. கடைசியில், மேற்படி காரணங்களால் நான் முற்றிலும் பாதிக்கப்பட்டுள்ளேன் என்றும் ஐயா அவர்கள் கருணை கூர்ந்து ஆவன செய்ய வேண்டும் என்றும் இருந்தது. அதில் ஒரு சொல்கூட மிகையில்லை என்று சொல்ல ஆசைதான். கையெழுத்துப் போட்டேன். அவர் கேட்கும் முன்பே ஆதார் ஜெராக்ஸை எடுத்து நீட்டினேன்.

பத்து நாளில் ஆறு மாதம் கிடைத்தது. முறையியல் பகுதியில் 'பயிற்சி பெற்ற களப்பணியாளர்' என்ற வரியை அடித்துவிட்டு, நடந்ததை அப்படியே நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். அதை எடுத்துவிடச் சொல்லி நெறியாளர் மூன்று முறை பென்சிலால் சுழித்துவிட்டார். ரப்பர் வாங்கி வைத்திருக்கிறேன்.