பிளாக்கிக்காக எழுதிய வீடு

இலங்கை மலையகத்தில், தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வெகுகாலம் மருத்துவிச்சியாக இருந்தவர் கலாராணி. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் ஹாலிஎலயில், தோட்ட எல்லையை ஒட்டிச் சின்னதாக ஒரு வீடு கட்டி, சுற்றிலும் உயரமாக மதில் எழுப்பி, இரண்டு நாய்களோடு குடிவந்தார்.

மூத்தது பிளாக்கி. பிரசவம் பார்க்கப் போன ஒரு மழைநாளில் தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடும் கானுக்குள் கிடந்த குட்டி. இப்போது பல்லெல்லாம் போய்விட்டது. சோற்றைக் குழையப் பிசைந்து கையில் ஏந்திக் கொடுத்தால்தான் தின்னும். இளையது செவலை. எதையும் தின்னும், எந்த மதிலையும் தாண்டும்.

தன் காலத்துக்குப் பிறகு இவை என்னாகும் என்ற கவலை அவரை விடவில்லை. பதுளைக்குப் போய், உயில் எழுதித் தரும் நொத்தாரிசைப் பார்த்தார்.

"நாய் பேருக்கு வீட்ட எழுத முடியாதுங்க. நாயப் பாக்குற ஆள் பேருக்குத்தான் எழுதலாம்" என்றார் அவர்.

பண்டாரவளையில் இருக்கும் அண்ணன் மகள் கிருஷாந்தியைக் கேட்டார். "நான் பாத்துக்கிறேன் அத்தை, நீங்க ஏன் கவலப்படுறீங்க?" என்றாள் அவள். உயில் தயாரானது: நர்ஸம்மாவுக்குப் பிறகு வீடு அவளுக்கு, நாய்கள் இரண்டையும் கடைசிவரை அவள் வைத்துப் பார்க்க வேண்டும். பிளாக்கிக்குச் சோற்றை எப்படிப் பிசைய வேண்டும் என்பதைக்கூட நர்ஸம்மா விடாமல் எழுதச் சொன்னார். நொத்தாரிசு சிரித்துக்கொண்டே எழுதினார்.

மேல் லயத்துக் கருப்பம்மாவுக்கு இது தெரியவந்தது. கொழுந்து பறித்துவிட்டுப் போகிறபோதெல்லாம் நாய்களோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவள் அவள்.

"அவசர ஆத்திரத்துக்கு என்கிட்ட ஒரு சாவி குடுத்து வைங்கம்மா."

"எல்லாம் எழுதி முடிச்சாச்சு கருப்பம்மா" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பிவிட்டார் நர்ஸம்மா.

ஐப்பசி மழையில் வாசற்படி வழுக்கி நர்ஸம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். கிருஷாந்தி ஓடிவந்தாள். நாய்கள் பெருந்தெருவுக்கு ஓடி லொறியில் அடிபட்டுவிடக் கூடாதென்று கேட்டைப் பூட்டிக்கொண்டு போனாள். அவள் இருந்தது மாடியில் வாடகை வீடு. மகளுக்கு மூச்சிழுப்பு வேறு. நாய்களை அங்கே கொண்டுபோக வழியில்லை. பக்கத்தில் யாராவது சோறு போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

கருப்பம்மா போடத்தான் செய்தாள், மதிலுக்கு மேலால். விழுந்த சோற்றையெல்லாம் செவலையே தின்றது. கேட் கம்பி வழியே கைநீட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாள். கண் மங்கிப்போன பிளாக்கி, நர்ஸம்மா விழுந்த படியை விட்டு எழுந்து வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கேட்கும்போதெல்லாம், "ரெண்டும் நல்லா இருக்கு அத்தை" என்றாள் கிருஷாந்தி. நோயாளியைக் கலங்கவிடக் கூடாது என்பது அவள் எண்ணம். மாற்றுத்துணி எடுக்க ஹாலிஎலக்கு வந்தபோதுதான் படியோரம் பிளாக்கி விறைத்துக் கிடப்பதைக் கண்டாள். கருப்பம்மாவைக் கூப்பிட்டாள்; இருவருமாக மதிலோரம் புதைத்தார்கள். அன்றும் ஆஸ்பத்திரிக்குப் போய் அதே பதிலைத்தான் சொன்னாள்.

தை பிறந்த பிறகு ஊன்றுகோலுடன் வீடு திரும்பிய நர்ஸம்மாவிடம் கருப்பம்மாதான் உண்மையைச் சொன்னாள்.

"பூட்ட ஒடச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"லயத்து ஆளு நானு. அடுத்தவங்க வீட்டுப் பூட்டுல எப்படிங்கம்மா கை வைக்கிறது? நாளைக்கு ஒண்ணு காணாமப் போனா எம்மேலதானே சொல்லுவாங்க? அந்தப் புள்ளயோட போன் நம்பரும் எனக்குத் தெரியாது."

"செத்த பொறகு நடக்க வேண்டியது எல்லாத்தையும் எழுதினேன் கருப்பம்மா. விழுந்து கெடந்தா என்னன்னு எனக்குத் தோணவே இல்ல. நீ கேட்டப்பயும் தோணல."

"நானும் இன்னொருக்கா கேட்டிருக்கலாம்" என்றாள் கருப்பம்மா.

கிருஷாந்தி வந்து அழுதாள். நர்ஸம்மா அவளைத் திட்டவில்லை. பழையபடி பேசவும் முடியவில்லை. உயிலில் வீடு அவள் பெயரிலேயே இருக்கிறது. செவலையின் பொறுப்பை மட்டும் கருப்பம்மாவுக்கு மாற்றி எழுதச் சொன்னார், கருப்பம்மாவுக்குச் சம்மதமா என்று முதலில் கேட்டுவிட்டு.

செவலை அதற்குள் மேல் லயத்து நாயாகிவிட்டிருந்தது. காலையில் வந்து வாலாட்டும். நர்ஸம்மாவின் காலடியில் கொஞ்சநேரம் படுத்திருக்கும். கருப்பம்மா மலையிலிருந்து இறங்கும் நேரம் ஆனதும் எழுந்து போய்விடும். நர்ஸம்மா அதைக் கூப்பிடுவதில்லை.