பெட்டி மட்டும் கிளம்பியிருந்தது

அண்ணன் மகள் கல்யாணத்துக்காகத்தான் அந்தத் தடவை திருவண்ணாமலைக்குப் போனேன். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், நான் பிறந்து வளர்ந்த வீடு. ஆனால் பாண்டிச்சேரிக்காரரைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனதில் என் பாஸ்போர்ட்டின் நிறம் மாறி ரொம்ப வருஷமாகிறது. சொந்த ஊருக்குப் போகவே எனக்கு விசா வேண்டும். இந்திய வம்சாவளிக்காரர்களுக்குத் தருகிற அட்டையை வாங்கி வைத்துக்கொள் என்று கணவர் தலைதலையாக அடித்துக்கொண்டார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நான்தான் தள்ளிக்கொண்டே வந்தேன். கல்யாணம்தானே, ஒரு மாத விசா போதாதா என்று நினைத்தேன்.

விசா முடிகிற அன்றைக்குத்தான் விமானம். அதே நாளில் அண்ணன் மகளும் மறுவீடு முடிந்து மாமியார் வீட்டுக்குக் கிளம்புகிறாள் என்று ஆனது. அன்று காலையில் அண்ணன் காலண்டர் முன்னால் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரே நாள்ல ரெண்டு பொண்ணுங்க வாசப்படி தாண்டக் கூடாதும்மா. நாளைக்கு அஷ்டமி, அதுக்கு மறுநாள் நவமி. தசமியில கெளம்பு."

"விசா முடியுதேண்ணா."

"பொறந்த ஊர்ல ரெண்டு நாள் ஜாஸ்தி இருந்தா எவன் வந்து கேக்கப் போறான்?"

எனக்கும் இருக்க ஆசைதான். பொய் சொல்வானேன். அண்ணி கையால் இன்னும் நாலு வேளை சாப்பிடலாமே என்று தலையாட்டிவிட்டேன்.

ஆனால் நாள் நல்ல நாளாயிற்றே, அதை விடுவாரா அண்ணன்? எனக்குப் பரஸ்தானம் வைத்துவிட்டார். நல்ல நாளில் கிளம்ப முடியாதவர்கள் தங்கள் பெட்டியை மட்டும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. என் பெட்டி எதிர்வீட்டு பாய் வீட்டுக்குப் போயிற்று. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வைத்த பெட்டி திரும்பவும் வீட்டுக்குள் வரக் கூடாது, வந்தால் பயணம் முறிந்துவிடும். ஆக, விசா முடிந்த தேதியில் என் பெட்டி சட்டப்படி கிளம்பிவிட்டது. நான் அண்ணியின் நைட்டியைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

தசமியன்று சென்னை விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். விசா முடிந்த பிறகும் தங்கியிருக்கிறீர்கள், வெளியேறும் அனுமதி வாங்காமல் விட முடியாது, ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு வாருங்கள் என்றார். அஷ்டமி, நவமி என்றெல்லாம் அவரிடம் சொல்லவா முடியும்? போன வண்டியிலேயே திரும்பினோம். வீட்டு வாசலுக்கு வந்ததும் அண்ணன் பெட்டியை இறக்கி, நேராக எதிர்வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கணவர் போன் செய்தார். மாடி ஏறும்போது நெஞ்சை இறுக்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டு, அடைப்புகள் இருக்கின்றன, வெள்ளிக்கிழமை மதியம் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த ஊரில் அவருக்கு நான், எனக்கு அவர், அவ்வளவுதான்.

"வெள்ளிக்குள்ள வந்துடுவ இல்ல?" என்று கேட்டார். எதற்கும் பயப்படாத மனுஷன் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. வந்துடுவேன் என்றேன். எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

எதிர்வீட்டு பாய் மாடி அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர். விண்ணப்பத்தை அவர்தான் கூட உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார். எல்லாம் நிரப்பி முடித்து ஓரிடத்தில் நின்றது. வெளிநாட்டுக் குடிமக்கள் யார் வீட்டில் தங்கினாலும் அந்த வீட்டுக்காரர் அதைப் பதிவு செய்ய வேண்டுமாம்.

"வந்த அன்னைக்கே சொன்னேனே, ஏத்திடுங்கன்னு. உங்க அண்ணன் எம்மேல கோவிச்சிக்கினாரு," என்றார் பாய்.

அண்ணன் இப்போதும் அதேபோல்தான் கோபித்துக்கொண்டார். "இவ எனக்கு விருந்தாளியா? எங்கூடப் பொறந்தவளை வெளிநாட்டுக்காரின்னு நான் எங்கையால எழுதணுமா? வேற எதுனா வழி இருந்தா சொல்லுங்க பாய்."

வேறு வழி இல்லை. அன்று சாயங்காலம் வரை அவர் அசையவில்லை. பாசத்தில்தான் அடம் பிடிக்கிறார் என்று தெரிந்தும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் எல்லாருடைய பாசமும் எப்போதும் இப்படித்தான், காலைக் கட்டிப்போட்டுவிட்டுச் சோறு போடும். கத்திவிட்டேன்.

"நான் வெளிநாட்டுக்காரிதாண்ணா. ஒத்துக்கோ. நீ எழுதலன்னா அங்க அவர் தனியா கத்திக்குப் போவாரு. நான் இங்க உன் வீட்ல வாழக்கா பஜ்ஜி தின்னுக்கினு உக்காந்திருக்கணுமா?"

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். பதிந்துவிட்டு வந்து கைகால் கழுவினார், சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் நானும் அண்ணனும் வேங்கிக்காலில் இருக்கிற போலீஸ் அலுவலகத்துக்குப் போய், கேட்ட காகிதங்களைக் காட்டிவிட்டு வந்தோம். தாமதமாகப் பதிந்ததற்கு ஒரு விளக்கம் கேட்டார்கள். அண்ணன் எழுந்து நின்று, "தங்கச்சிங்க, அதனால தோணலைங்க," என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா சிரிக்காமல் அதையே எழுதிக்கொண்டார். அபராதம் கட்டியாயிற்று. இனி போனில் செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருப்பது என்றால் என்னவென்று எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. உடம்பில் அண்ணியின் நைட்டி, தலையில் அண்ணியின் கிளிப். என் துணியெல்லாம் எதிர்வீட்டில். பெட்டியைத் திறந்து நாலு துணி எடுத்துவரக்கூட அண்ணன் விடவில்லை. பல் விளக்கும்போதும் போன், குளிக்கும்போதும் கதவுக்கு வெளியே போன். சின்ன வயசில் ஓடி விளையாடிய கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். சொந்த வீடு ஜெயிலாகும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நாள் பார்த்த அண்ணன் மேல் கோபம், தலையாட்டிய என் மேல் அதைவிடக் கோபம், ஒன்றும் சொல்லாமல் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே இருந்த அண்ணி மேலும் கோபம்.

புதன்கிழமையும் ஒன்றும் வரவில்லை. வியாழன் இரவு விமானத்தில் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தோம். அதை விட்டால் வெள்ளி மதியத்துக்குள் போய்ச் சேர முடியாது. வியாழன் பௌர்ணமி வேறு. காலையிலிருந்தே கிரிவலத்துக்கு ஜனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் ரோட்டையெல்லாம் அடைத்துவிடுவார்கள், அப்புறம் கார் நகராது. டிரைவரை மதியமே வரவழைத்து வாசலில் நிறுத்தியிருந்தோம்.

சாப்பாடு இறங்கவில்லை. இலையை மடித்துவிட்டுக் கை கழுவும்போது போன் கூவியது. அனுமதி வந்துவிட்டது. பாய் ஓடிவந்து இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று ராகுகாலம். அப்போதுதான் தொடங்கியிருந்தது.

மூன்று மணி வரை பொறுத்தால் ஊரைத் தாண்ட முடியாது என்று டிரைவர் சொன்னார். நான் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எதிர்வீட்டுக்குப் போனார். பெட்டியை எடுத்துவந்து காரில் வைப்பார் என்று நினைத்தேன். காரைத் தாண்டி வந்தார். வாசற்படியில் பெட்டியைத் தூக்கி வைத்து, கூடத்துக்குள் உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார்.

"இன்னாங்க இது, பயணம் முறிஞ்சிடும்னு நீங்கதான..." என்று அண்ணி பதறினார்.

"முறிஞ்சா முறியட்டும். அடுத்தவங்க வீட்ல இருந்து கெளம்பறதுக்கு இவ இன்னா லாட்ஜ்லயா தங்கியிருந்தா? நம்ம வீட்ல இருந்துதான் போவணும்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எடும்மா. மாப்பிள்ளை காத்துக்கினு இருப்பாரு," என்றார்.

ராகுகாலத்தில், முறிந்துபோன பயணத்தில், நான் பிறந்த வீட்டிலிருந்து கிளம்பினேன். கார் வேங்கிக்கால் தாண்டும்வரை அழுதேன்.

ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். நேரமெல்லாம் பார்த்துக் கிளம்பியிருந்தால் அவர் கையைப் பிடித்திருக்க மாட்டேன். அவர் நான் போட்டிருந்த நைட்டியைப் பார்த்து, "யாருது இது?" என்றார். அவசரத்தில் அதன் மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் நன்றாகத் தேறிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து அண்ணி போனில் ஒரு விஷயம் சொன்னார். பதிவில் விருந்தாளி கிளம்பியதையும் வீட்டுக்காரர்தான் ஏற்ற வேண்டுமாம். அண்ணன் ஏற்றவில்லை. அலுவலகத்திலிருந்து அழைத்து, உங்கள் வீட்டில் தங்கியிருந்த வெளிநாட்டவர் புறப்பட்டுவிட்டாரா என்று கேட்டிருக்கிறார்கள்.

"அப்பிடி யாரும் தங்கலைங்களே," என்றாராம் அண்ணன். "தங்கச்சிதான் இருந்துது. ஊருக்குப் போயிருக்குது, வந்துடும்."